நாற்பது சதவீத வெயில்

எங்கள் அப்பா மீன் தொட்டிக்கு விளக்கு வாங்கியது மீன் கடையில் அல்ல, எலக்ட்ரிக்கல் கடையில். 1980களின் சென்னையில் அந்த விளக்கிடம் எதிர்பார்த்ததெல்லாம் இவ்வளவுதான்: தகர மூடிக்குள் அடங்க வேண்டும், சோக் ரொம்ப இரையக் கூடாது. இரண்டடிப் பட்டியில் 20 வாட் ட்யூப்லைட். சுவிட்சைப் போட்டால் ஸ்டார்ட்டர் நாலைந்து தரம் சிமிட்டி, யோசித்து, பிறகு எரியும். அதுவும் வீட்டுக்கு யாராவது வந்தால்தான். "லைட்டைப் போடுறா, மாமா மீன் பார்க்கட்டும்" என்பார் அப்பா. மாமா படியிறங்கியதும் அணைத்துவிடுவார். செடிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. பாதிச் செடி பிளாஸ்டிக், கேட்டும் பயனில்லை.

மீதிப் பாதி, அடியில் ஈயத்துண்டு சுற்றி விற்ற வாலிஸ்னேரியா. ஜன்னலோரம் வைத்த ஒன்றேகால் அடி ஆழத் தொட்டியில், காலை வெயில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே அடிவரை இறங்க, அது நீர்மட்டம் தொட்டு வளைந்து படர்ந்தது. தண்ணீரே பச்சையாகிப்போன மாதங்களில், அப்பா அதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இப்போது என் வீட்டில் இருப்பது இரண்டடி ஆழத் தொட்டி. இவ்வளவு ஆழத்தைச் செடி கேட்கவில்லை, மீனும் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். தரையில் ஒரு கிரிப்டோகோரைன் கன்றை நட வேண்டுமென்றால் 30 சென்டிமீட்டர் இடுக்கியோடு அக்குள்வரை கையை விட்டு, கன்னம் தண்ணீரில் நனைய, குத்துமதிப்பாகக் குத்த வேண்டும். இடுக்கியைத் தளர்த்தியதும் கன்று நிதானமாக மிதந்து மேலே வந்து மூக்குக்கு நேரே நிற்கும்.

விளக்குக்காக, வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூருக்குப் போனேன். அப்பாவை அந்நாளில் 'சார்' என்றார்கள். இந்தக் கடைத் தம்பி என்னை 'அங்கிள்' என்றார்.

"எத்தனை வாட் போடலாம் தம்பி?"

"வாட்டெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்ல அங்கிள். தரையில பார் எவ்ளோ வேணும், அதச் சொல்லுங்க."

பார் என்பது 400 முதல் 700 நானோமீட்டர் வரை, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு. பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் லூமென், மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. பச்சை ஒளியைத் தலையில் தூக்கி வைக்கும். கேலனுக்கு இத்தனை வாட் என்ற பழைய விதியோ ட்யூப்லைட் காலத்தது, ஆழத்தைக் கண்டுகொள்ளாதது. தம்பி ஒரு குச்சியின் நுனியில் கட்டிய சென்சாரைக் கடைத் தொட்டிக்குள் இறக்கினார். நீர்மட்டத்தருகே 180 காட்டியது, மணலில் 35. கிரிப்டோ, அனுபியாஸ் மாதிரிப் பொறுமைசாலிகளுக்கு அது தாராளம். புல்வெளி மாதிரித் தரையில் படரும் செடிகள்தான் இன்னும் கேட்கும்.

பாக்கி வெளிச்சத்தைத் தண்ணீர் குடித்துவிட்டது என்று நினைத்தேன். தெளிந்த நீர் இரண்டடியில் குடிப்பது கொஞ்சம்தானாம், அதிலும் சிவப்பைத்தான் முதலில். பெரிய நஷ்டம், ஒளி விரிந்து போவதில். பக்கக் கண்ணாடிகள் ஓரளவு உள்ளேயே திருப்பி அனுப்பும், பாசி படியாதவரை. 120 பாகை லென்ஸ் என்றால் வெளிச்சத்தில் ஒரு பங்கு கூடத்துக்குப் போகும். 60 பாகை என்றால் தரைக்கு இறங்கும், ஆனால் ஓரத்துச் செடிகள் நிழலில் வாடும்.

தொட்டியில் செடி வளர்க்கும் இந்த மோகத்தின் மூலவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1982இல் நிறுவனம் தொடங்கி, தொட்டிக்குள் காட்டையே நட்டவர். தொட்டிகளுக்கு மேலே மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொங்கவிட்டவர். ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் அந்த ஒளியில் மணல்மேல் அலைநிழல் ஆடுவது கொள்ளை அழகு. கூடவே அனலும் உண்டு. சென்னை மே மாதத்தில் அதைத் தொங்கவிட்டால் தண்ணீருக்குத் தனியாக சில்லர் வாங்க வேண்டும். பிறகு எல்இடி வந்தது. அதன் வெள்ளை ஒளிக்கு வழிவிட்ட நீல எல்இடிக்காக 2014இல் இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் ஹிரோஷி அமானோ. ஒரு அமானோ தொங்கவிட்டதை இன்னொரு அமானோ கழற்றினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி எடுத்துக் காட்டிய விளக்குக்கு ஃபோனில் ஆப் உண்டு. சூரியோதயம், மேகமூட்டம், மழைக்கால மின்னல் எல்லாம் விரல்நுனியில். விலையைக் கேட்டேன். அந்தப் பணத்துக்கு அப்பா அந்தக் காலத்தில் தொட்டி, ஸ்டாண்ட், மீன் அத்தனையும் வாங்கி மிச்சமும் பிடித்திருப்பார்.

"வீட்டுக்குப் போனதும் நூறுல வெச்சிடாதீங்க அங்கிள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லல்ல? நாப்பது பர்சென்ட், ஆறு மணி நேரம். மீறினா பாசி அள்ளிடும்."

"அப்ப இதில பாதி பவர் உள்ளதைக் குடுங்களேன்."

"இருக்கு. ஆனா அதுல மின்னல் வராது அங்கிள்."