கழித்தல் குறியும் தேங்காய்ச் சட்னியும்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

வேண்டியதைக் கேட்டுப் பெறுவது எப்படி என்று நூல்கள் மலிந்து கிடக்கின்றன. வேண்டாததை விலக்குவது பற்றி அறிஞர் பெருமக்கள் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. களம், மாங்கோடிபி தரவுத்தளத்தில் சேர்த்துவைத்த தமிழ்ச் சமையல் குறிப்புகள். தேடுபொருள், தேங்காய் போடாத சட்னி.

சொற்களைக் கூட்டக் கூட்ட விடை சுருங்கும் என்பது பாமரர் நம்பிக்கை. இங்கே உரைத் தேடலில் ‘தக்காளி சட்னி’ என்று கேட்டால் தக்காளி ரசமும் வரும், புதினா சட்னியும் வரும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பது இதன் சித்தாந்தம். இரண்டும் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோளுக்குள் பூட்ட வேண்டும்.

இனி, கழித்தல் குறி. ‘சட்னி -தேங்காய்’ என்றால் தேங்காய் விலகும். குறிக்கு முன் இடைவெளி விடாமல் ‘சட்னி-தேங்காய்’ என்று ஒட்டி எழுதினாலோ அது வெறும் இணைப்புக்கோடு. விரட்ட நினைத்த தேங்காய் விருந்தாளியாக வந்து உட்காரும். சட்னியைச் சொல்லாமல் ‘-தேங்காய்’ என்று மட்டும் கேட்டால் ஓர் ஆவணமும் வராது. தருக்கத்தைக் கணக்காக்கிய கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் இதை ஒப்பமாட்டார். 1854-இல் வெளியிட்ட நூலில் அவர் ‘அல்லாதது’ என்பதை ஒன்றிலிருந்து கழித்து எழுதினார். அந்த ஒன்று அவருக்கு அண்ட சராசரம். அவர் கணக்குப்படி ரசம், மோர்க்குழம்பு, நிலா எல்லாமே விடையில் வந்திருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் வேற்றுமை உருபில் இருக்கிறது. இத்தேடல் அறிந்த மொழிகளில் துருக்கியும் ஃபின்னிஷும் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே மொழி ‘எதுவுமில்லை’ என்று குறித்தே இன்டெக்ஸ் அமைக்கிறோம். ஆங்கிலத்துக்கு விகுதியை வெட்டி வேர் காணும் வசதி உண்டு. நமக்கு ‘தேங்காய்’ வேறு, ‘தேங்காயை’ வேறு, ‘தேங்காயோடு’ முற்றிலும் வேறு. இரண்டாம் வேற்றுமை என்னும் ஒற்றை முக்காட்டைப் போட்டுக்கொண்டு தேங்காய் வாசலைக் கடந்துவிடுகிறது.

இதைவிட விசித்திரம் ஒன்று. ‘தேங்காய் சட்னி’ என்று ஒற்று விட்டு எழுதியவரின் குறிப்பு சரியாகக் கழிபடுகிறது. ‘தேங்காய்ச் சட்னி’ என்று வல்லினம் மிகுத்து எழுதிய புலவரின் குறிப்போ ‘ச்’ என்னும் ஒற்றின் தயவால் தப்பிவிடுகிறது. சந்திப்பிழைக்குத் தண்டனை உண்டு என்று தமிழாசிரியர்கள் காலமெல்லாம் மிரட்டியதை ஒரு கணினியாவது நிறைவேற்றியதே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

தேங்காய்ச், தேங்காயை, தேங்காயைத், தேங்காயும், தேங்காய்ப்பால் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் குறி இட்டால் என்ன என்று மாற்றுக் கட்சியார் கேட்பர். இடலாம்; வினா சமையல் குறிப்பைவிட நீண்டுபோகும். அதன் பிறகும், தேங்காயின் பெயரையே எடுக்காமல் ‘அரை மூடி துருவிப் போடவும்’ என்று மட்டும் எழுதிவைத்த பெரியம்மாக்களை எந்தக் குறியாலும் கழிக்க முடியாது.