மீன் கேட்கவில்லை, நீ கேட்கிறாய்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களின் ஓசையை லாங் அடிகளார் பதிவுசெய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. மீன்கள் உரிமைப்பணம் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் நம் கூத்து ரசிகர்கள் கமராப் பொடியனிடமும் எதிர்பார்க்கிறார்கள். விடிய விடியக் களரியில் நுளம்புக்கடி வாங்கி அவன் எடுத்த வடமோடிக் கூத்து, அடுத்த நாள் மத்தியானம் வேறொருவரின் யூடியூபில் ஆடுகிறது. மூலையில் இருந்த அவன் பெயரின்மேல் பூப்படம். கீழே, "அனுமதியின்றிப் பகிர வேண்டாம்" என்ற எச்சரிக்கை வேறு!

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொதுவாகப் படைப்பாளி செத்து 70 வருடம் வரைக்கும் உரிமையைக் காக்கிறது. உயிரோடு இருக்கும்போதுதான் கொஞ்சம் சிரமம். போய்க் கேட்டால், "கலைய வளர்க்கிறம் மனே" என்று தேத்தண்ணி தருகிறார்கள். பொடியன் கமராவுக்கு இன்னும் தவணை கட்டுகிறான்.