தேசிய விடுமுறை தினத்துச் சைக்கிள் சவாரி: ஒரு லக்ஷண விசாரம்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு தினங்களிலும் தொழிற்சாலை ஊழியருக்கு முழுநாள் விடுமுறையைச் சம்பளத்தோடு அளித்தாக வேண்டும் என்று விதிக்கிற தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த முழுநாளை ஊழியர் எவ்விதம் கழிப்பது என்பதைப் பற்றி மாத்திரம் மௌனம் சாதித்துவிட்டது. சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்தில் வழக்கம் பேசத் தொடங்கும் என்பது தர்மசாஸ்திரக்காரர்களும் ஒப்புக்கொண்ட நியாயம். ஆதலால் ராணிப்பேட்டை தொடங்கி வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி ஈறாகப் பாலாற்றங்கரையில் நீண்டு கிடக்கும் தோல் பிரதேசத்தில் அவ்வழக்கம் யாது என்று விசாரிக்கப் புகுந்தால், கொடியேற்றி, மிட்டாய் தின்று, காலை ஒன்பது மணிக்குள் விடுமுறையின் உத்தியோகபூர்வமான பாகம் தீர்ந்துபோன பிற்பாடு, மிச்சமுள்ள பாகத்தைக் கணிசமான ஒரு ஜனத்தொகை சைக்கிளின் மீது ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவதைப் பிரத்யட்சமாகக் காணலாம்.

இங்கேதான் ஆராய்ச்சியாளனுக்குச் சங்கடம் ஆரம்பமாகிறது. ஷூ கம்பெனியில் மேல்தோல் வெட்டுகிறவரும், டேனரியில் டிரம் சுற்றுகிறவரும் வேலை நாட்களிலும் இதே சைக்கிளை, இதே சாலையில், இதே கால்களால்தான் மிதிக்கிறார்கள். கருவியும் மார்க்கமும் கர்த்தாவும் ஒன்றாகவே இருக்க, முந்தின நாள் உழைப்பென்று பெயர் பெற்ற காரியம் மறுநாள் உல்லாசமென்று பெயர் பெறுவதற்கு ஹேது என்ன? இதற்கு ஒரு லக்ஷணம் வகுக்க வேண்டுமானால், அது அவ்வியாப்தி, அதிவியாப்தி என்னும் தோஷங்களுக்கு இடங்கொடாததாக, அதாவது சவாரியான எதையும் வெளியே தள்ளாததாகவும், சவாரியல்லாத எதையும் உள்ளே விடாததாகவும் அமைய வேண்டும்.

பூர்வபட்சிகளில் ஒரு சாரார், "காரியம் ஏதுமின்றிப் போவதே சவாரி" என்பர். இது நிற்காது, ஏனென்றால் இப்பிரதேசத்தில் காரியமின்றிப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்படும் தைரியசாலி எவரும் இல்லை, ஒவ்வொருவரும் கோயிலுக்கோ, பந்துக்கள் வீட்டுக்கோ, ஆம்பூருக்குப் பிரியாணி வாங்கவோ போகிறவராகவே காணப்படுகிறார். இன்னொரு சாரார், "விடுமுறை நாளில் மிதிப்பதெல்லாம் சவாரி" என்பர். இதுவோ அளவுக்கு மிஞ்சிப் பரந்துவிடுகிறது. பால்காரரும், பேப்பர் போடும் பையனும், இரவு முறை முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேனும் சுதந்திர தினத்தன்றும் மிதிக்கத்தான் செய்கிறார்கள், அவர்களை உல்லாசிகள் என்று அழைத்தால் அடிக்க வருவார்கள். ஆகவே இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, நாம் முன்வைக்கும் சித்தாந்தம் இது: கம்பெனி கேட்டுக்கு நேராக வந்தும் ஹேண்டிலைத் திருப்பாமல் கடந்து போவது எதுவோ அதுவே சவாரி. இந்த லக்ஷணத்துக்கு வரக்கூடிய ஆட்சேபணைகளைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் காலம், கருவி, மார்க்கம் ஆகியவற்றை ஒருவாறு நிர்ணயித்துக்கொள்வது அவசியம்.

காலத்தைப் பொறுத்தவரை, சட்டம் நான்கு தினங்களையும் சமமாகப் பாவித்தாலும் இயற்கை அவ்விதம் பாவிக்கவில்லை. மே 1 தொழிலாளருக்கே உரிய தினமாயிருந்தும், அக்கினி நட்சத்திரம் வாசற்படியில் வந்து நிற்கும் அப்பொழுதில் வேலூர் வெயிலில் மிதிப்பது சவாரியின்பாற்படாது, தவத்தின்பாற்படும். அக்டோபர் 2 மழையின் தயவை நம்பியிருப்பது. எஞ்சிய குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டில் எது உத்தமம் என்பதே விவாதத்துக்குரியது. வேலூர் கடல்மட்டத்துக்கு 216 மீட்டர் உயரத்திலும், அதற்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆம்பூர் 316 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், போகும்போது 100 மீட்டர் ஏற்றமும் வரும்போது அதே அளவு இறக்கமும் உண்டு. இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். ஜனவரியில் வீசும் கீழ்க்காற்று போகிறவரைப் பின்னிருந்து தள்ளிவிட்டு, திரும்புகிறவரை மார்பில் கைவைத்துத் தடுக்கிறது. ஆகஸ்டின் மேல்காற்றோ போகிறவரை ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டு வாட்டி, திரும்புகிறவரை இறக்கத்தோடு சேர்ந்துகொண்டு தாலாட்டிக் கொண்டுவந்து விடுகிறது.

மேலோட்டமாகப் பார்ப்பவர் கஷ்டசுகங்களைச் சரிபாதியாகப் பிரித்த குடியரசு தினமே சிறந்தது என்று மயங்கக்கூடும். அவர் கணக்கில் பிரியாணியைச் சேர்க்க மறந்துவிட்டார். சீரகசம்பா அரிசியில், தயிர்ப்பச்சடியும் கத்தரிக்காய்த் தொக்கும் துணைவர, வயிறு கொண்டமட்டும் உண்ட ஒருவர் எதிர்க்காற்றில் 50 கிலோமீட்டர் மிதிப்பதென்பது வைத்திய சாஸ்திரத்துக்கும் மனித தர்மத்துக்கும் விரோதமானது. வெறும் வயிற்றோடு போகும்போது கஷ்டம் முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, நிறைந்த வயிற்றோடு வரும்போது காற்றையும் இறக்கத்தையும் ஒருங்கே அனுபவிக்கச் செய்யும் ஆகஸ்ட் 15-ஏ உத்தம காலம் என்பது நம் துணிபு. சாயங்காலம் இடியுடன் மழை வரக்கூடும் என்பது அதன் ஒரே குறை. அதனால் பிரியாணியை மதியத்துக்குள் முடித்துக்கொள்க. இந்நான்கு நாளும் அரசாங்க மதுக்கடைகளும் அடைத்திருக்கும் ஆகையால், களைத்த கால்களுக்கு டீயைத் தவிர வேறு கதியில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவியை ஆராய்வோம். பழைய பாணிச் சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் உள்ளன என்பது கோட்டம் எடுக்கிற எவரும் அறிந்த சங்கதி. இரண்டையும் கூட்டினால் 72. நம் தேசியக் கொடியின் நடுவிலுள்ள அசோகச் சக்கரத்தின் ஆரங்களோ 24. கொடியின் வர்ணங்கள் மூன்று. இருபத்துநாலை மூன்றால் பெருக்கினால் எழுபத்திரண்டு வருகிறது என்பதை இதுவரை ஒருவரும் கவனியாமல் விட்டது ஆச்சரியமே. எண்களை இப்படி ஒட்டவைத்துச் சரித்திரம் எழுதியவர்கள் பலர் பெரிய பீடங்களில் அமர்ந்திருக்க, நாம் மட்டும் கூச்சப்படுவானேன்?

2002-ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, மோட்டார் காரில் கொடி பறக்கவிடும் பாக்கியம் பெற்ற ஜனாதிபதி, பிரதம மந்திரி, கவர்னர், நீதிபதி முதலானோரை ஜாபிதாவாக எழுதி, கொடிக்கம்பு பானெட்டின் நடுவிலோ காரின் முன்புறத்து வலப்பக்கத்திலோ உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. சைக்கிளுக்குப் பானெட் கிடையாது. வலப்பக்கத்து ஹேண்டிலிலோ பெரும்பாலும் மணி ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. இக்கஷ்டத்தை மாதனூர்ப் பக்கத்துப் பள்ளிச் சிறுவர்கள் காகிதக் கொடியை மணிக்கும் பிரேக் கம்பிக்கும் இடையே செருகித் தீர்த்துக்கொள்கிறார்கள். காகிதக் கொடியைத் தரையில் எறியலாகாது என்று அதே தொகுப்பு கூறுவதைப் பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகவே அனுசரிக்கிறார்கள். அடுத்த குடியரசு தினம் வரையில் அது அங்கேயே இருந்து வெளுக்கிறது.

ஆசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மிங்ஹாம் நகரத்தில் 1866-ல் தோல் சாமான்கள் செய்யத் தொடங்கிய புரூக்ஸ் என்பார் 1882-ல் சைக்கிளுக்கான தோல் ஆசனத்துக்குக் காப்புரிமை கோரினார். அதே காலத்தில் நம் சென்னை ராஜதானியில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட தோல், 'ஈஸ்ட் இந்தியா' என்னும் விலாசத்தோடு கப்பல் கப்பலாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆம்பூரும் பேரணாம்பட்டும் வாணியம்பாடியும் அத்தொழிலில் பெயர்பெற்ற ஊர்கள். இவ்விரண்டு விஷயங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவது யோக்கியமான ஆராய்ச்சியாளரின் லட்சணம். வாசகரே முடிவுக்கு வந்துவிடுவார். ஆனால் 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்து, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் வீட்டுக்கு வீடு வந்து, காலப்போக்கில் ஆசனத்துக்கு ரெக்ஸினும் ஸ்பாஞ்சும் போதும் என்றாகிவிட்ட இன்று, ஐரோப்பியப் பாதங்களுக்கெல்லாம் அசல் தோலில் ஜோடு தைத்து அனுப்புகிற ஆம்பூர்த் தொழிலாளி ரெக்ஸின் ஆசனத்தில் அமர்ந்து வேலைக்குப் போகிறார் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

தோலும், சவாரியும், சுதந்திரமும் இப்பிரதேசத்தில் ஏக காலத்தில் சம்பந்தப்பட்ட பூர்வ உதாரணம் ஒன்று உண்டு. தோலால் ஆன குஞ்சம் பொருத்திய புதுவிதத் தலைப்பாகையைச் சிப்பாய்கள் அணிந்தாக வேண்டும் என்ற உத்தரவு, நெற்றிக்குறியையும் தாடியையும் விலக்கிய கட்டளையோடு சேர்ந்து மூட்டிய கோபமே, 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் வெடித்த கலகத்துக்கு உடனடிக் காரணம். செய்தி ஆற்காட்டை எட்டியதும் கர்னல் கில்லெஸ்பி என்பவர் சுமார் 16 மைல் தூரத்தைக் குதிரைமீது பாய்ந்து கடந்து, தம் சேனைக்கும் முன்னதாகவே வந்து சேர்ந்து, கலகத்தை ரத்தத்தில் அடக்கினார். இச்சாலையில் நடந்தவற்றுள் சரித்திரப் பிரசித்தி பெற்ற அதிவேகச் சவாரி தவறான கட்சிக்காக நடந்தது என்பது வருந்தத்தக்கது. ஜூலை 10 விடுமுறை தினமன்று. அன்று கம்பெனிகள் வழக்கம்போல் நடைபெறும்.

இனி மார்க்கம். வேலூரிலிருந்து மேற்கே கிளம்புகிறவர் கோணவட்டம் தாண்டி, செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச்சந்தை கூடும் பொய்கையைக் கடந்து, விரிஞ்சிபுரத்துக்கு அண்மையில் வருகிறார். அங்கே எழுந்தருளியிருக்கும் சுவாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்றும் வழித்துணைநாதர் என்றும் திருநாமங்கள். அப்பைய தீட்சிதர் மார்க்கபந்து ஸ்தோத்திரம் பாடியது இவர்மீதுதான். பிரயாணிகளுக்கென்றே ஒரு தெய்வம் இவ்வளவு பக்கத்தில் இருக்க, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி மிதிக்கிற சைக்கிள்காரரே அவருடைய அனுக்கிரகத்துக்கு முதல் பாத்தியதை உடையவர் என்பதில் இரண்டு கருத்து இராது. மதிலழகுக்குப் பேர்போன அக்கோயிலில், நிழலைக்கொண்டு நேரம் காட்டும் கல் ஒன்றும் இருக்கிறது. விடுமுறை நாளில் மணி பார்ப்பது பாவமென்று கருதுகிறவர் அதைத் தவிர்க்கலாம். பள்ளிகொண்டாவில் ரங்கநாதப் பெருமாள் சயனித்திருக்கிறார். விடுமுறையை எவ்விதம் கழிப்பது என்பதில் சைவ வைணவ சமயங்களுக்குள்ள கருத்துவேற்றுமை இந்தச் சில கிலோமீட்டருக்குள் விளங்கிவிடும். சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கும் அப்பால், 2019-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது போட்ட எல்லையைக் கடந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் பிரவேசிப்பது எவர் காலுக்கும் உறைப்பதில்லை.

வழிநெடுகிலும் பக்கத்தில் பாலாறு வருகிறது, தண்ணீர்தான் வருவதில்லை. டேனரிக் கழிவு அந்த மணலுக்கும் கிணறுகளுக்கும் செய்த அநியாயத்தை விசாரித்து, மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டைச் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28 அன்று நிலைநாட்டியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் எல்லோரும் வேலூரின் பெயரை அந்த வழக்கின் தலைப்பில்தான் முதலில் சந்திக்கிறார்கள். விடுமுறை தினத்தில் டிரம்கள் நின்றுபோவதால் காற்றில் வழக்கமான நெடி குறைந்திருப்பதை உள்ளூர் மூக்கு கவனிக்காது, பழகிப்போயிற்று. வெளியூர் மூக்குதான், இவ்வளவுதானா என்று ஏமாந்துபோகும்.

பஞ்சர் கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம், ஏனெனில் இவரின்றி இவ்வாராய்ச்சி ஓர் அடியும் நகராது. தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், தேசிய விடுமுறை தினங்களில் தங்கள் தொழில் எப்படி என்று வினவியபோது அவர் தலை நிமிராமலே சொன்னார்: "லீவு நாள்லதாம்பா ஜாஸ்தி. டூட்டிக்குப் போற வண்டிய தெனம் பாத்து வெச்சிக்கிறான். லீவுன்னா வருசம் பூரா மூலைல கெடந்தத தொடச்சி எடுத்தாறான். வால்டியூப்பு மக்கிப் போயிருக்குது, காத்து நிக்கலைன்னு எங்கிட்ட கோவிக்கிறான்." ஒட்டுக்கு என்ன கூலி என்றால், வழக்கமானதைப்போல் இரண்டு பங்கு கேட்டார். விடுமுறையில் வேலை செய்கிற ஊழியருக்கு இரட்டைக் கூலி கொடுக்கலாம் என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்மையிலேயே ஏற்பாடு இருக்கிறது. அதைப் படியாமலே அனுஷ்டிக்கிற ஒரே ஸ்தாபனம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்பொழுது ஆட்சேபணைகள். கியர் சைக்கிளில், தலைக்கவசமும் இறுகிய சட்டையுமாகக் காட்பாடிப் பக்கத்திலிருந்து விடியலிலேயே கிளம்பி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியே தீருவதென்று போகிற கனவான்களுக்கு இச்சாலையில் எந்தக் கம்பெனி கேட்டும் சொந்தமில்லையே, அவர்கள் சவாரி சவாரியாகாதோ என்று கேட்கலாம். அவர்களுடைய கேட் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறது. அதற்கு நேர் எதிர்த் திசையில் போவதும் அதைக் கடப்பதாகவே கொள்ளப்படும். ஓய்வுபெற்றவரோ, மூடிக்கிடக்கும் பழைய டேனரியின் துருப்பிடித்த கேட்டைக் கடக்கும்போது கால் ஒரு நொடி தயங்குவதால் லக்ஷணத்துக்குள் அடங்கிவிடுகிறார். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிளில் மூன்று பேராகப் போகும் பையன்களுக்குப் பள்ளிக்கூடத்து கேட்டே போதும்.

கடினமான ஆட்சேபணை ஒன்றே ஒன்று. ஆம்பூருக்குள் நுழைகிற தறுவாயில், சுதந்திர தினத்தன்று காலை, முன்பாரில் துண்டு சுற்றி மகளை உட்காரவைத்துக்கொண்டு பிரியாணிக்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, பேச்சுவாக்கில், பல வருஷத்துப் பழக்கம் கைக்கு வந்துவிட, ஹேண்டிலை ஒடித்துத் தம் கம்பெனி கேட்டுக்கு நேராகப் போய் நின்றுவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்துவந்து, "இன்னாண்ணா, பாப்பாவுக்கும் கார்டு போட்டாச்சா?" என்று கேட்டார். அக்கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் சைக்கிளைத் திருப்பிய அந்தக் கணத்திலிருந்து அது சவாரிதான் என்பதில் சந்தேகமில்லை. அதுவரை மிதித்து வந்த தூரம் எந்தக் கணக்கில் சேரும், அதற்கு இரட்டைக் கூலி உண்டா, முன்பாரில் இருந்தவருக்கு அதில் பங்கு உண்டா என்பவற்றைத் தொழிலாளர் நலத்துறைதான் தீர்மானிக்க வேண்டும். அன்று அந்த அலுவலகமும் விடுமுறை.