முன்சீட்டு வைத்தியர்

ஜீப்புக்கு வாடகை பேசும்போது மாமா வாயைத் திறக்க மாட்டார். கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு என்பதெல்லாம் மற்றவர்கள் பாடு. பேசி முடிந்த மறு நொடி, தோளில் கிடக்கும் துண்டு முன்சீட்டில் விழுந்துவிடும். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரைக் காலால் இரண்டு எத்து. முற்றலா இளசா என்று தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல பானட்டில் விரல் கணுவால் இரண்டு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “தம்பி, பம்ப் வேலை பாத்து எத்தன நாளாச்சு?” என்பார். வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது.

தேனிப் பக்கம் இப்படி ஒரு வைத்தியர் இல்லாத குடும்பம் அபூர்வம். எங்கள் ஊர்களைச் சுற்றி மலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, குரங்கணி, மேகமலை என்று எங்கே கிளம்பினாலும் ஏற்றம். ஏற்றம் இருக்கிற ஊரில் ஜீப் இருக்கும். ஜீப் இருக்கிற ஊரில் முன்சீட்டு வைத்தியரும் இருப்பார்.

மாமா எந்தப் பட்டறையிலும் ஸ்பேனர் பிடித்தவரல்ல. இருபது வருஷத்துக்கு முன்னால் திராட்சைத் தோட்டத்துக்கென்று பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். முதல் மாதமே டீசல் பம்ப் கழன்று மதுரைக்குப் போனது. கூடவே அந்த வருஷத்துத் திராட்சைப் பணமும் போனது. அன்றிலிருந்து உலகத்தில் எந்த வண்டி நின்றாலும் அவருக்குப் பம்ப்தான். பெரியகுளத்துச் சித்தப்பாவுக்குக் கிளட்ச் பிளேட்டில் கை சுட்டது. அவருக்கு எல்லாமே கிளட்ச் பிளேட். உத்தமபாளையத்து அத்தானுக்குக் கிரவுன் பினியன். யார் எதற்குப் பணம் அழுதாரோ அதில்தான் அவர் ஸ்பெஷலிஸ்ட். மூவரும் ஒரே வண்டியில் ஏறிவிட்டால் ஒரு ‘கர்ர்’ சத்தத்துக்கு மூன்று மருந்துச் சீட்டு கிடைக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, புகை சாத்திரம் மாமாவுக்கு அத்துபடி. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வருகிறது; காலைக் குளிரில் கொஞ்சம் வரும், எஞ்சின் சூடானதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கு தேய்ந்துவிட்டது. கறுப்புப் புகை என்றால் டீசல் ஜாஸ்தி, காற்று பற்றவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி போட பிளக் கிடையாது, காற்றை நெருக்கிய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும் என்பதைப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக் காட்டி விளக்கியிருக்கிறார். இதற்கு 1893-இல் காப்புரிமை வாங்கிய ருடால்ஃப் டீசலே நேரில் வந்து ஏறினாலும், “நீங்க பின்னால உக்காருங்க, நம்ம மலை ஒங்களுக்குத் தெரியாது” என்றுதான் சொல்வார். சாத்திரத்தில் பிழையில்லை. மூன்று நிறத்தில் எது வந்தாலும் தீர்ப்பு பம்ப் என்று முடிவதுதான் சிக்கல்.

விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் பார்த்தால், ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கி மலைக்குக் கிளம்பும். தினம் தினம் அதில் ஏறி இறங்குகிறவர்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்து போவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுகிறவருக்குத்தான் காது இவ்வளவு கூர்மை.

போன சித்திரையில் சின்னமனூரிலிருந்து மேகமலைக்குக் கிளம்பினோம். பொடிசுகளையும் சேர்த்து 14 பேர், ஒரு அண்டா புளிச்சாதம். தென்பழனி செக்போஸ்ட் தாண்டியதும் மலை நிமிர்ந்துகொண்டது. மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியப் பூ ஒன்றின் பெயர். பிள்ளைகள் பலகையைப் பார்த்துப் பூப்பெயர் வாசித்தார்கள், மாமா நோய்ப்பெயர் வாசித்தார்.

“பின்சக்கரம் உய்ங்குது. வீல் பேரிங்.”

அடுத்த பூ.

“ஸ்டியரிங் ஆடுது. டை ராட் எண்டு.”

அடுத்த பூ.

“ஃபோர் வீலப் போடுப்பா, எதுக்கு வச்சிருக்க?”

அதுவரை பேசாமல் வந்த டிரைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “தார் ரோட்டுல போட்டா கியர் பெட்டிதாண்ணே இறுகும். சேறு வரட்டும், போடுவோம்.”

பாதி மலையில் ஒரு வளைவு. செகண்ட் கியரில் வந்த வண்டி ஃபர்ஸ்ட்டுக்கு இறங்கியது, முக்கியது, பின்னால் கறுப்பாய் ஒரு மேகத்தைக் கக்கிவிட்டு இழுக்காமல் நின்றது. மேகமலை என்ற பெயருக்கு நாங்களும் எங்கள் பங்கைச் செலுத்தினோம்.

“நாஞ் சொல்லல?” மாமா முகத்தில் அப்படி ஒரு நிறைவு. “பம்ப்புதான். மதுரைக்குத்தான் கொண்டு போகணும். இருபத்தஞ்சாயிரத்துக்குக் கொறையாது.”

“கிளட்ச் வாட அடிக்குது” என்றார் சித்தப்பா.

“அடியில ஒரு சத்தம் கேட்டுச்சே” என்று அத்தான் கிரவுன் பினியனுக்கு அடிப்போட்டார்.

டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். பானட்டைத் தூக்கி ஏர் கிளீனரைத் திறந்து பார்த்து மூடினார். ஃபேன் பெல்ட்டை ஒரு அமுக்கு. பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு தலையாக எண்ணினார். அண்டாவிடம் வந்தபோது சற்று நின்றார்.

“அண்ணே, நீங்க எம்புட்டு வெயிட்டு இருப்பீங்க?”

“தொண்ணூத்தஞ்சு. எதுக்குக் கேக்குற?”

“ஆம்பளையாளுக மட்டும் அடுத்த வளைவு வரைக்கும் நடந்து வந்துருங்கண்ணே.”

ஆறு பேர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினோம். வண்டி ஒரு உறுமல் உறுமி, புகையும் முனகலும் இல்லாமல் ஏறி, அடுத்த பூவுக்குப் போய் ஓரமாக நின்றது. பிள்ளைகள் பின்னாலிருந்து எங்களுக்குக் கையசைத்தார்கள்.

பாதி தூரம் வரை மாமா பேசவில்லை. மூச்சு வாங்கியது. பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்:

“பாரம் கூடுச்சுன்னா பம்ப்பு டீசலக் கூட ஊத்தும். காத்து அம்புட்டுத்தான? மேல போகப் போகக் காத்தும் மெலிசாயிரும். அப்பறம் கறுப்பா வராம வெள்ளையாவா வரும்? லோடுதான்னு எனக்கு அப்பவே தெரியும். யாரையாச்சும் எறங்கச் சொன்னா மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல.”

வண்டியை எட்டியதும் துண்டை உதறி முன்சீட்டில் போட்டு ஏறிக்கொண்டார். சீட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் கியரைப் போடும்வரை பொறுத்திருந்தார்.

“எதுக்கும் எறங்குனதும் அந்தப் பம்ப்ப ஒருக்காப் பாத்துரு தம்பி.”