ஃபாரின் காக்கா

ஜீயபுரத்துக்காரர்களின் இயற்கைப் பற்றை யாரும் குறை சொல்ல முடியாது. நீர்நாய் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கே போய்விடுகிறார்கள். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். பீஷான் பூங்காவில் குடும்ப சகிதமாக மீன் தின்னும் நீர்நாய்களைச் செல்போன் நிரம்பும்வரை பிடித்துக்கொண்டு வரலாம். அதே இனம் காவிரியிலும் உண்டுதான். ஆனால் வலையைக் கிழித்துக் கெண்டையைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு இங்கே பெயர் சனியன்.

வண்ணத்துப்பூச்சிக்கும் இதே நியாயம். அக்கரையில் மேலூரில் 2015 முதல் அரசுப் பூங்காவே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்க அது என்ன பூச்சி? சாங்கி விமான நிலையத்து மூன்றாம் முனையத்தில் சட்டைக் கையில் வந்து உட்காருமே, அது பூச்சி.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. ஜீயபுரம் படித்துறையில் ஒரு குடிநுழைவுக் கவுன்ட்டர் திறக்கலாம். பாஸ்போர்ட்டில் முத்திரை, ஆளுக்கு நாற்பது டாலர், வழிநெடுக 'வாழை: தொடாதீர்' பலகை. மீன்கொத்தியைப் பார்க்க உள்ளூர்க்காரர்களே வரிசை கட்டி நிற்பார்கள்.

சிங்கப்பூர் போய்வந்த மாமா ஒருவர் ஒரே படத்தைக் காட்டிக் காட்டி மாய்ந்துபோனார். "ஃபாரின் காக்கா. கழுத்தைப் பாருங்க, என்ன ஒரு சாம்பல் கலர்!" காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுபோன நம் காக்கையின் இனம்தான் அது. சிங்கப்பூரில் அதைத் தொல்லை என்று சுட்டே தள்ளியிருக்கிறார்கள். சொல்லவில்லை, மனசு நோகும்.

அமாவாசையன்று மாமி வைத்த சோற்றுக்கு மதில்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"பரவாயில்லையே, இங்கேயும் வர ஆரம்பிச்சுடுத்து!"