கேள்வி-பதில்: வளைந்த குழாயும் சிவப்பு வயரும்

கே: கல்பாக்கம் என்றால் மின்சாரம் எடுக்கிற இடம்தானே? ஆராய்ச்சிக்கென்று தனி உலை எதற்கு?
– வாசகர், பெருங்களத்தூர்

ப: மின் நிலையம் வேறு, இது வேறு. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கும் எப்.பி.டி.ஆர். என்ற சோதனை உலை, அடுத்த தலைமுறை உலைகளுக்கான பள்ளிக்கூடம். 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம்.

கே: உலையை அணைக்கும் தண்டு பாதி வழியில் சிக்கிக்கொண்டால்?
– வாசகி, குரோம்பேட்டை

ப: அதற்காகத்தான் ஒன்றுக்கு ஆறாக வைத்திருக்கிறார்கள். எல்லாமே நியூட்ரானை விழுங்கும் போரான் கார்பைடு தண்டுகள். ஒன்று சண்டித்தனம் செய்தாலும் மற்றவை உலையை அணைக்க வேண்டும் என்பதே கணக்கு. சோடியம் உலையில் தனியாக ஒரு தொல்லை உண்டு. சோடியம் 98 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அதன் ஆவி மேலே போய்க் குளிர்ந்த இடுக்குகளில் படிந்தால், பனிக்கால நெய்போல இறுகி அசைகிற பாகங்களைப் பிடித்துக்கொள்ளும்.

கே: 1987-ல் உலைக்குள் எதுவோ வளைந்துவிட்டது என்று அப்பா சொல்வார். நிஜமா?
– வாசகர், சேலையூர்

ப: நிஜம்தான், மே மாதம். உலை நின்றிருந்தது, எரிபொருளை இடம் மாற்றும் வேலை. உலையின் தலையில் சுழலும் மூடி இருக்கிறது. எரிபொருள் கட்டைத் தூக்கி, மூடியைச் சுழற்றி, வேறு இடத்தில் இறக்க வேண்டும். அன்றைக்குக் கட்டின் அடிப்பாகம் கீழே துருத்திக்கொண்டிருக்கும்போதே மூடி சுழன்றுவிட்டது. போகிற வழியில் இருந்த கட்டுகளின் தலைகள் வளைந்தன. அவற்றில் ஒன்று வெளியே கிளம்பி நிற்க, இன்னொரு சுழற்சியில் எரிபொருளைக் கையாளும் வழிகாட்டிக் குழாய் அதில் மாட்டி 320 மில்லிமீட்டர் வளைந்தது. பிள்ளைகளின் ஓரடி ஸ்கேலைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதைவிடக் கொஞ்சம் கூட!

நேராகப் போன குழாய் வளைந்தபின் அதே துளை வழியே வெளியே வராது. சோடியமோ பாதரசம்போலப் பளபளக்கும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டால் எரியும் என்பதால் ஆர்கான் வாயுப் போர்வையை விலக்கவும் முடியாது. கதிர்வீச்சு இருக்கிற இடத்தில் கை நுழையாது. இதற்கென்றே ஓர் இயந்திரத்தை வடிவமைத்து, தள்ளி நின்று இயக்கி, குழாயை இருந்த இடத்திலேயே இரண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். உலை மறுபடி ஓடியது 1989 மே மாதம். அவசரப்படாத அந்த இரண்டு வருஷத்துக்கு என் வணக்கம்.

கே: சுழலாமல் தடுக்க ஒரு பூட்டுக்கூடவா இல்லை?
– வாசகி, மேடவாக்கம்

ப: இருந்தது. இன்டர்லாக் என்பார்கள், அனுமதி கிடைத்தால்தான் மூடி சுழலும். அதைப் பைபாஸ் செய்திருந்தார்கள். தாம்பரத்துக்காரர்களுக்குப் பைபாஸ் என்றால் மதுரவாயல் போகும் சாலை, நேரம் மிச்சம். இயந்திரத்தில் அதே சொல்லுக்கு விலை இரண்டு வருஷம்.

எங்கள் அடுக்ககத்து லிப்ட், கதவு சரியாகச் சாத்தாமல் அடிக்கடி நின்றது. பழுது பார்க்க வந்தவர் கதவு சுவிட்சின் இரண்டு முனைகளையும் விரல் நீளச் சிவப்பு வயரால் இணைத்துவிட்டு, “இப்ப ஓடும் சார்” என்றார். ஓடியது, கதவு திறந்தபடியே! இரண்டாம் மாடிக் குழந்தைகள் அதில் தனியாகப் போய்வருகிறவர்கள். வயரைப் பிடுங்கும்வரை நான் நகரவில்லை. புது சுவிட்ச் வர மூன்று நாள். மூட்டு வலியோடு படியேறினேன்.

கே: காமினி யார்?
– வாசகர், பல்லாவரம்

ப: அதே வளாகத்துச் சின்ன உலை, 1996-ல் பிறந்தது. வெறும் 30 கிலோவாட். யுரேனியம்-233 எரிபொருள். நியூட்ரானால் படம் எடுத்து, ராக்கெட்டில் வெடித்துப் பிரிக்கும் சிறு கருவிகளின் உள்ளே குறை இருக்கிறதா என்று காட்டும். பழுதைப் பறப்பதற்கு முன்பே பிடிக்கிற உலை.

கே: குழாய் வளைந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எப்.பி.டி.ஆர். உருப்படியாக ஓடியதா?
– வாசகர், ஊரப்பாக்கம்

ப: சின்ன எரிபொருள் மையத்தோடு தொடங்கியது, படிப்படியாகவே ஏறியது. வடிவமைத்த முழு அளவான 40 மெகாவாட் வெப்பத்திறனை 2022 மார்ச்சில் தொட்டது.

கே: மகன் மெக்கானிக்கல் டிப்ளமா. அங்கே இயற்பியல் படித்தவர்களுக்குத்தானே வேலை?
– வாசகி, வண்டலூர்

ப: வளைந்த குழாயை அறுத்தது சூத்திரம் இல்லையம்மா, இயந்திரம். டிப்ளமா, ஐடிஐ முடித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுப்பது அங்கே வழக்கம். அறிவிப்பு வரும்போது தம்பியைத் தவறாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை லேத்தில் கை பழகட்டும்.