நாய்க்குட்டி படுத்திய பாடு

இரவு வானத்தில் சிரியஸை விடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. கிரேக்கர்கள் அதற்கு நாய் என்று பெயர் வைத்தார்கள். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் காலடியில் ஓடுகிற நாயாம். அது சூரியனோடு சேர்ந்து உதிக்கும் நாட்களில் வெயில் மண்டையைப் பிளந்தால், எல்லாம் நாயின் உபயம் என்று பழியை அதன் தலையில் கட்டினார்கள். எகிப்தியர்கள் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள். விடியற்காலையில் அது மறுபடி தலைகாட்டும் சமயத்தில் நைல் நதி பெருக்கெடுப்பதைக் கவனித்து, அதைத் தேவியாக்கிக் கும்பிட்டார்கள். தண்ணீர் வந்தது எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழையால். நட்சத்திரத்துக்கு அந்த விவகாரமே தெரியாது.

இரண்டாம் நூற்றாண்டில் டாலமி தன் நட்சத்திரப் பட்டியலில் சிரியஸைச் சிவப்பு வகையறாவில் சேர்த்துவிட்டார். ரோமாபுரி செனெகா ஒரு படி மேலே போய், செவ்வாயை விடச் சிவப்பு என்றார். இன்றைக்கு யார் பார்த்தாலும் அது நீலம் கலந்த வெள்ளை. அடிவானத்துக்கு அருகே பார்த்தால் எல்லா வண்ணத்திலும் மினுக்கும் என்பது வேறு விஷயம். பெரியவர்கள் சொன்னால் தப்பாகாது என்று நம்பிய பண்டிதர்கள், நட்சத்திரமே நிறம் மாறிவிட்டது என்று இருபதாம் நூற்றாண்டு வரை மல்லுக்கட்டினார்கள். நட்சத்திரம் மாறலாமாம், பட்டியல் மட்டும் மாறக் கூடாதாம்.

1718இல் எட்மண்ட் ஹாலி பழைய பட்டியலையும் தன் காலத்து அளவீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரியஸ் இருந்த இடத்தில் இல்லை, மெதுவாக நகர்ந்திருந்தது. அசையாத நட்சத்திரங்கள் என்று ஆயிரத்தைந்நூறு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அன்றோடு காலி. சரி, நகர்கிறதுதானே, நேராக நகரட்டும் என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அந்த நிம்மதியையும் கெடுக்க ஜெர்மனியில் ஒரு கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் பெஸ்ஸல் 1784இல் பிறந்தவர். பள்ளியில் லத்தீன் ஏறவில்லை. பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு, பிரேமன் நகரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பழகப் போனார். கம்பெனி சரக்கு கப்பலில் போனது. கப்பல் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அதற்கு வானசாஸ்திரம் வேண்டும், வானசாஸ்திரத்துக்குக் கணக்கு வேண்டும். பகலில் பேரேடு, ராத்திரியில் வால்நட்சத்திரம் என்று குடும்பம் நடத்தி, இருபதாவது வயதில் ஹாலி வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டு நிபுணர்களை வாயடைக்க வைத்தார். இருபத்தைந்து வயதில் கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்துக்கு இயக்குநர். பேராசிரியர் என்றால் பட்டம் வேண்டுமே? கணித மேதை காஸ் சிபாரிசு செய்ய, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தது. கல்லூரி வாசலை மிதிக்காமல் டாக்டர் ஆவதற்கு அந்தக் காலத்தில் திறமை தேவைப்பட்டது.

பேரேட்டில் காலணா இடித்தாலும் தூங்காத ஜாதி அது. சிரியஸின் பல பத்தாண்டு அளவீடுகளைப் புரட்டியபோது அது நேர்கோட்டில் போகாமல் இப்படியும் அப்படியும் தள்ளாடுவதை பெஸ்ஸல் கண்டுகொண்டார். நட்சத்திரம் குடிக்காது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத யாரோ பக்கத்தில் நின்று இழுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை நூற்றாண்டு ஆகும் என்று கணக்கிட்டு, 1844இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதினார். வானத்திலேயே அதிக வெளிச்சம் போடும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், வெளிச்சமே இல்லாத இன்னொரு நட்சத்திரம்! நட்சத்திரம் என்றாலே வெளிச்சம்தானே என்று கேட்டவர்களுக்கு, பிரகாசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்கிற ரீதியில் பதில் சொல்லிவிட்டு, 1846 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அதே வருடம் செப்டம்பரில், இதே மாதிரி ஆள் தெரியாமல் இழுவையை மட்டும் வைத்து நெப்டியூனைப் பிடித்தார்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்திருந்தால், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்காட்டியிருக்கலாம். மனிதருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கடிதம் எழுதிய சமயம் அந்தத் துணை நட்சத்திரம் தன் பாதையில் சிரியஸுக்கு மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எந்தத் தொலைநோக்கியாலும் அதைப் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. நாயைக் கண்டால் குட்டியைக் காணோம்.

அதே 1844இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில், ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மணி உடைந்தது. ஜார்ஜ் கிளார்க் என்கிற மாணவன் அந்த வெண்கலத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், உருக்கித் தொலைநோக்கிக்கு ஆடி வார்க்கப் பார்த்தான். அப்பா ஆல்வன் கிளார்க், பெரிய மனிதர்களின் முகத்தை வரைந்து பிழைக்கும் ஓவியர். இந்தக் காலத்து அப்பாவாக இருந்தால் மணியை எதற்குத் தொட்டாய் என்று முதுகில் இரண்டு வைத்திருப்பார். அவரோ பக்கத்தில் உட்கார்ந்து தானும் தேய்க்க ஆரம்பித்தார். முகம் வரைவதை விடக் கண்ணாடி தேய்ப்பது பிடித்துப்போய், மகன்களோடு கம்பெனியே தொடங்கிவிட்டார். கொஞ்ச காலத்தில் உலகத்தின் சிறந்த லென்ஸ்கள் அந்தப் பட்டறையில் இருந்துதான் வந்தன.

1860இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஆசை வந்தது. ஹார்வர்டிடம் இருப்பது 15 அங்குல லென்ஸா? எங்களுக்கு அதைவிடப் பெரிதாக வேண்டும். கிளார்க் பட்டறைக்கு 18½ அங்குல லென்ஸுக்கு ஆர்டர் போனது. வைப்பதற்குக் கட்டடம் முன்னாலேயே தயார். லென்ஸ் தேய்ந்துகொண்டிருக்கும்போது மிசிசிப்பி மாநிலம், அமெரிக்காவோடு உறவே வேண்டாம் என்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உள்நாட்டுப் போர். சரக்கு தயார், வாங்குகிறவர் எதிரி நாட்டுக்காரர். வியாபாரத்தில் இதற்கு மேல் சங்கடம் என்ன இருக்கிறது?

1862 ஜனவரி 31. இளைய மகன் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அந்த அனாதை லென்ஸைச் சோதித்துப் பார்க்க சிரியஸைக் குறிவைத்தார். பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் லென்ஸின் குறைகள் எல்லாம் வெளிவந்துவிடும். பார்த்தால், சிரியஸுக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளி. லென்ஸ் தேய்ப்பவன் பார்க்க விரும்பாத ஒரே காட்சி அது. அத்தனை மாத உழைப்பில் ஒரு பிசிறு என்றுதான் முதலில் வயிறு கலங்கும். பிசிறு இல்லை. பெஸ்ஸல் சொன்ன ஆசாமிதான். அதற்குள் விலகி நல்ல தூரத்துக்கு வந்திருந்தது, சிரியஸை விடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மங்கல். சில நாட்களில் ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் பார்த்து உறுதி செய்தார். பிரெஞ்சு அறிவியல் அகாடமி லாலாந்து பரிசு கொடுத்தது. லென்ஸ் சிகாகோவுக்கு விலைபோனது, இன்றும் அந்தப் பக்கத்து டியர்பார்ன் வானாய்வகத்தில் இருக்கிறது. மிசிசிப்பியில் அதற்காகக் கட்டிய வானாய்வகக் கட்டடமும் இன்றும் நிற்கிறது, லென்ஸ் இல்லாமல்.

பெரியது நாய் என்பதால் சின்னதற்கு நாய்க்குட்டி என்று செல்லப்பெயர் விழுந்தது. ஆவணங்களில் சிரியஸ் பி. எடையைக் கணக்கிட்டால் நம் சூரியன் அளவு வந்தது. மங்கலாக இருப்பதால் ஆறிப்போன சிவப்பு நட்சத்திரமாக இருக்கும் என்று தீர்மானித்து, அடுத்த ஐம்பது வருடம் யாரும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

1915இல் மவுண்ட் வில்சன் மலையில் வால்டர் ஆடம்ஸ், அப்பன் நாயின் கண்கூசும் வெளிச்சத்தில் இருந்து குட்டியின் ஒளியைத் தனியாகப் பிரித்து நிறமாலை எடுத்தார். சிவப்பு இல்லை. கொதிக்கும் வெள்ளை. இதில்தான் வில்லங்கம். வெள்ளையாகக் கொதிக்கிற பொருள் ஒவ்வொரு சதுர அடியிலும் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். கொட்டியும் மங்கலாக இருக்கிறதென்றால் சதுர அடிகளே குறைவு, அதாவது ஆள் பொடியன். எடையோ சூரியன் அளவு. இன்றைய அளவீட்டில் குட்டி பூமியை விடச் சின்னது. அதில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் பத்து டன்னுக்கு மேல் நிறுக்கும். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று நம் ஊரில் சொல்வதை இவ்வளவு விபரீதமாக எடுத்துக்கொண்ட ஜந்து வேறு கிடையாது.

இப்படி ஒரு வெள்ளைக் குள்ளன் முன்பே ஒரு தடவை மாட்டியிருந்தது. 1910இல், 40 எரிடானி என்கிற நட்சத்திரத்தின் மங்கலான துணை என்ன நிறம் என்று ஹென்றி ரஸ்ஸல் கேட்க, ஹார்வர்டின் வில்லியமினா ஃபிளெமிங் புகைப்படத் தட்டைப் பார்த்து வெள்ளை என்று சொல்லியனுப்பினார். அந்த அம்மாள் ஸ்காட்லாந்தில் இருந்து வந்து, வானாய்வக இயக்குநர் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தவர். கணக்குப்பிள்ளை, ஓவியர் மகன், வேலைக்காரம்மா வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. இனி மேதைகள் வருகிறார்கள்.

கேம்பிரிட்ஜில் ஆர்தர் எடிங்டன். 1919 கிரகண நேரத்தில் ஐன்ஸ்டைனுக்குச் சாட்சி சொல்லி உலகப்புகழ் பெற்றவர். இவ்வளவு அடர்த்தியான பொருளில் இருந்து ஒளி வெளியேற வேண்டுமென்றால், ஈர்ப்பை மீறி வரும் சிரமத்தில் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய வேண்டும் என்பது ஐன்ஸ்டைன் கொள்கை. அந்தச் சாய்வு நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக இருக்கும் என்று எடிங்டன் கணக்குப் போட்டு, அளந்து பாரும் என்று ஆடம்ஸைக் கேட்டுக்கொண்டார். 1925இல் ஆடம்ஸ் அளந்தார். என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? சுமார் 20. ஐன்ஸ்டைன் சரி, அடர்த்தியும் சரி, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று எடிங்டன் பூரித்துப்போனார். 1928இல் லிக் வானாய்வகமும் அளந்து பார்த்தது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே எண்!

சரியான விடை 80. எடிங்டன் குட்டியின் வெப்பத்தைக் குறைத்து மதிப்பிட்டதால் அதன் உருவம் பெரிதாகி, கணக்கில் சாய்வு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆடம்ஸ் அளந்ததில் பெரிய நாயின் ஒளி நன்றாகக் கலந்திருந்தது. இரண்டு தப்பும் வெவ்வேறு திசையில் இருந்து கிளம்பி, ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தன. எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் யார் கூட்டலைச் சரிபார்க்கிறார்கள்? 1971இல் கிரீன்ஸ்டைன் கோஷ்டி திரும்ப அளந்தபோது 89 வந்தது. பின்னர் ஹபிள் தொலைநோக்கி அதைச் சுமார் 80க்குக் கொண்டுவந்தது. ஐன்ஸ்டைன் மட்டும் எல்லாத் தவணையிலும் தப்பித்தார்.

எடிங்டனின் இன்னொரு கவலை, இந்த நட்சத்திரம் ஆறினால் என்ன ஆகும் என்பது. 1926இல் ரால்ஃப் ஃபவுலர் அதைத் தீர்த்தார்: எலக்ட்ரான்களை ஓரளவுக்கு மேல் நெருக்கினால் அவை குவாண்டம் விதிப்படி முரண்டு பிடிக்கும், அந்த முரண்டே நட்சத்திரத்தைத் தாங்கிக்கொள்ளும், ஆறினாலும் பயமில்லை. அந்தக் கட்டுரையை மெட்ராஸில் பிரசிடென்சி கல்லூரி மாணவன் ஒருவன் வரிவரியாகப் படித்துவிட்டான். பெயர் சந்திரசேகர், சி.வி. ராமனின் அண்ணன் மகன். 1930 ஜூலை 31 அன்று அரசாங்க உதவித்தொகையோடு பம்பாயில் கப்பல் ஏறினான். பத்தொன்பது வயது. வெனிஸ் போய்ச் சேரும்வரை கப்பலில் ஒரு பையன் என்ன செய்வான்? இவன் ஃபவுலரைத் திருத்தினான். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் சார்பியலையும் சேர்க்க வேண்டுமே என்று சேர்த்துப் பார்த்தான். முரண்டுக்கும் ஒரு வரம்பு இருந்தது. பிற்பாடு செப்பனிட்ட கணக்குப்படி, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது. நொறுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

1934இல் எடிங்டன், கேம்பிரிட்ஜில் இருந்த சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். ராயல் வானியல் கழகத்தில் பேச அவருக்கு இரட்டிப்பு நேரம் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். மாமனார் கூட இத்தனை கரிசனம் காட்டமாட்டார். 1935 ஜனவரி 11. சந்திரசேகர் பேசி உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். நட்சத்திரம் இப்படிக் கோமாளித்தனம் செய்ய இயற்கை விடாது, தடுக்க ஒரு விதி இருந்தே தீரும் என்ற பாணியில் வெளுத்துக்கட்ட, சபை சிரித்தது. என்ன விதி என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. நீல்ஸ் போர், பாவ்லி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் தனியாகக் கேட்டால் பையன் சொல்வதுதான் சரி என்றார்கள், பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. பெரிய மனிதர் சபையில் தப்பாகப் பேசினால் மற்றவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ள வியாதி.

சந்திரசேகர் 1937இல் அமெரிக்காவுக்குப் போய், சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நட்சத்திர அமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டு வேறு பாடத்துக்கு மாறினார். யெர்க்ஸில் இருந்த 40 அங்குல லென்ஸ், அன்றைக்கு வானாய்வகங்களில் பயன்பட்ட லென்ஸ்களில் உலகத்திலேயே பெரியது. அதைத் தேய்த்தவர் ஆல்வன் கிரஹாம் கிளார்க். 1944இல் எடிங்டன் இறந்தபோது சந்திரசேகர் மனம் கோணாமல் புகழ்ந்து பேசினார். 1983இல் நோபல் பரிசு வந்தது. பாதியைப் பங்கு போட்டுக்கொண்டவர் பெயரும் ஃபவுலர்தான், ஆனால் வேறு ஃபவுலர்.

இதற்கிடையில் குட்டிக்கு வெளிநாட்டு ரசிகர்களும் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு டோகன் மக்களுக்கு சிரியஸின் கண்ணுக்குத் தெரியாத துணையைப் பற்றி ஆதியிலிருந்தே தெரியும் என்று இரண்டு பிரெஞ்சு மானுடவியலாளர்கள் 1950இல் எழுதினார்கள். 1976இல் ராபர்ட் டெம்பிள், சொல்லிக்கொடுத்தது சிரியஸில் இருந்து வந்த நீர்வாழ் விருந்தாளிகளாக இருக்கலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். 1991இல் வால்டர் வான் பேக் டோகன்களிடமே போய் விசாரித்த விவரத்தை வெளியிட்டார். அவர் கேட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு துணை இருப்பது தெரியவில்லை.

குட்டி இப்போது சிரியஸிடமிருந்து நன்றாக விலகி நிற்கிற காலம். 2044இல் மறுபடி நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆசையுள்ளவர்கள் பிப்ரவரி மாத முன்னிரவில், ஓரியன் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்களையும் கோடாக்கித் தென்கிழக்கே நீட்டிப் பாருங்கள். சிரியஸ் தானாகச் சிக்கும். குட்டியைப் பார்க்க எட்டு, பத்து அங்குலத் தொலைநோக்கியும் அசைவில்லாத காற்றும் வேண்டும். பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், தூசி என்று லென்ஸைத் துடைத்துவிடாதீர்கள்.